பக்கத்துப் படகுக்குக் கேட்கிறது

செத்துப்போன ஆன்டெனாவை யாராவது ரம்பம் போட்டு அறுத்துப் பார்ப்பார்களா? கம்பி அக்கா பார்ப்பாள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி எட்டடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை இருக்கிறது, அதுதான் அவள் கடை. படகு ரேடியோக்களைப் பழுது பார்ப்பதும், படகின் உச்சியில் நிற்கும் ஆன்டெனாவை மாட்டுவதும் கழற்றுவதும் அவள் தொழில். ஆன்டெனா என்று அந்தத் துறைமுகத்தில் யாரும் சொல்வதில்லை. கம்பி என்பார்கள். அதனால் அவள் கம்பி அக்கா. அவளுக்கு வயது நாற்பத்தாறுதான், ஆனால் அறுபதைத் தாண்டியவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

புதுக் கம்பி மாட்டியதும் பழையதைக் குப்பையில் வீசுவதுதானே ஊர் வழக்கம்? இவள் வீச மாட்டாள். தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, மேசை விளிம்பில் இடுக்கியால் இறுக்கி, நீளவாக்கில் அறுப்பாள்.

"செத்ததை ஏன் அக்கா அறுக்கிறே?" என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"எதனால செத்துச்சுன்னு தெரிய வேணாமா?"

அறுத்த கம்பிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை: மாட்டிய தேதி, கழற்றிய தேதி, செத்த காரணம். இருபது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கம்பிகள். அவளை உலுக்கி எடுத்த கேள்வி இதுதான்: ஒரே இடத்தில் செய்தது, ஒரே நாளில் வாங்கியது, ஒன்று மூன்று வருடத்தில் போகிறது, இன்னொன்று பத்தொன்பது வருடம் அசையாமல் நிற்கிறது. ஏன்? கம்பிக்குள் ஓடுகிற இயந்திரம் ஒன்றும் கிடையாது, தேய்வதற்குச் சக்கரமும் கிடையாது. சும்மா நிற்கிறது. சும்மா நிற்பதற்கு எப்படி வயதாகிறது?

அட்டைகளைப் படித்தால் கொஞ்சம் பிடிபடும். 'வெயில்' என்று எழுதியிருந்தால், வெளியே இருக்கும் வெள்ளை ஃபைபர் குழாய் காய்ந்து, நூல்நூலாகப் பிரிந்து, தொட்டால் கையில் குத்துகிற நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த விரிசல் வழியாக உப்புக்காற்று உள்ளே போய்விடும். 'ஆட்டம்' என்றால், அலையில் ஆடி ஆடி உள்ளே ஈயம் வைத்த இடம் விட்டுப்போயிற்று. இந்த வகை பெரிய கள்ளன். கரையில் நிற்கும்போது ஒட்டிக்கொள்ளும், கடலில் சாய்ந்தால் விட்டுவிடும். 'அழகு' என்று பதினான்கு அட்டைகள் இருக்கின்றன. வருடா வருடம் படகுக்கு வர்ணம் அடிக்கிறார்கள் அல்லவா, மிச்சம் இருக்கிற வெள்ளி வர்ணத்தைக் கம்பிக்கும் ஒரு பூச்சுப் பூசி விடுவது. அந்த வர்ணத்தில் உலோகத் தூள் கலந்திருக்கும். கம்பி பேச வேண்டிய வாயை வெள்ளித் துணியால் கட்டிய மாதிரி. பூசியவனைக் கேட்டால், "பாக்க லட்சணமா இருக்கட்டும்னு பூசினேன் அக்கா" என்பான். அவனை என்ன செய்வது?

இப்படிக் கம்பிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தவள் பதினொரு வருடத்துக்கு முன்னால் துறைமுகத்துக்கே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தாள். அதுவரை ரேடியோ வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே படகுகள் கிளம்பிப் போகும். இவள் படகு படகாக ஏறி இறங்கி, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி, ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். கயிற்றை அவிழ்க்கும் முன் பக்கத்துப் படகை ரேடியோவில் கூப்பிட வேண்டும். "கேக்குதா?" "கேக்குது." அவ்வளவுதான். பிறகு அது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. துறைமுக அலுவலகத்தின் ரேடியோ அறையில் இருக்கும் எழுத்தர், காது என்று பட்டப்பெயர், தினமும் காலையில் அதைக் கேட்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு கோடு போடுவார். அந்தப் பழக்கத்தில் கம்பி அக்காவுக்கு உள்ளூரப் பெருமை. தான் பெற்ற பிள்ளை மாதிரி அதைப் பார்த்தாள்.

அவளுடைய அண்ணன் அந்தத் துறைமுகத்தில் ஒரு படகுக்குச் சொந்தக்காரர். படகின் எண் நாற்பத்தொன்று. அதன் கம்பியை ஐந்து வருடத்துக்கு முன் இவள்தான் மாட்டினாள். மாட்டி இறங்கும்போது, "பத்து வருஷத்துக்கு இதைத் திரும்பிப் பாக்க வேணாம் அண்ணே" என்றாள். அண்ணனும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்று திரும்பி வரவில்லை. மதியம் வர வேண்டிய படகு. கரையிலிருந்து பதினாறு கடல்மைலில் இயந்திரம் நின்றுவிட்டது. காற்று வேறு கிளம்பிவிட்டது. படகில் ஏழு பேர். அண்ணன் ரேடியோவில் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. மூன்று மணி நேரம் அலை இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறார்கள். தற்செயலாக அந்த வழியாக வந்த வேறொரு படகு, இவர்கள் ஆட்டிய சிவப்புத் துணியைப் பார்த்துக் கட்டி இழுத்துவந்தது.

காது பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். அன்று காலை நாற்பத்தொன்று கூப்பிட்டிருக்கிறது, பக்கத்துப் பதினேழு "கேக்குது" என்று சொல்லியிருக்கிறது. கோடு இருக்கிறது. பகலில் நாற்பத்தொன்றிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"கம்பிய மாத்து அண்ணே" என்று படித்துறையிலேயே ஒருவன் வாயைத் திறந்தான். அண்ணன் அவனை முறைத்த முறைப்பில் அவன் நாலடி பின்னால் போய்விட்டான்.

"என் தங்கச்சி போட்ட கம்பி அது. அதுல குத்தம் சொல்ற வேலை வச்சுக்காதீங்க. ரேடியோதான் கோளாறு."

சொன்ன கையோடு பழைய ரேடியோவைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். காலையில் பக்கத்துப் படகைக் கூப்பிட்டார். தெளிவாகக் கேட்டது. பிரச்சினை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

கம்பி அக்காவுக்குப் பிரச்சினை முடியவில்லை. அண்ணன் படகில் இல்லாத ஒரு பிற்பகலில் மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். அந்த மீட்டரின் வேலை எளிது. ரேடியோ மேலே அனுப்புகிற சக்தியில், கம்பி ஏற்றுக்கொள்ளாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். நிறையத் திரும்பி வந்தால் கம்பி கோளாறு. வராவிட்டால் நல்ல கம்பி. ரேடியோவுக்குப் பின்னால் கேபிளின் நடுவில் மீட்டரைக் கோத்துப் பார்த்தாள். முள் அசையவே இல்லை. ஒன்றும் திரும்பி வரவில்லை. அருமையான கம்பி!

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்குத் தலை சுற்றியது. மீட்டர் நல்ல கம்பி என்கிறது, பக்கத்துப் படகும் நல்ல கம்பி என்கிறது, பழைய ரேடியோவையும் கடையில் வைத்துப் பார்த்துவிட்டாள், அதுவும் குறையில்லாமல் பேசுகிறது. மூன்று பேரும் யோக்கியர்கள். பிறகு அண்ணனின் பதினொரு கூப்பாடும் எங்கே போயிற்று?

அந்த வாரம் அண்ணி கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, வீட்டுக் கதையெல்லாம் பேசினாள். போகிற போக்கில் ஒன்று சொன்னாள்.

"உங்க அண்ணன் இப்பல்லாம் கடல்ல நிம்மதியா இருக்காராம். முன்ன மாதிரி ரேடியோல எவனும் வளவளன்னு அரட்டை அடிக்கிறதில்லயாம். கடலே திருந்திடுச்சுங்கிறார்."

கம்பி அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"எப்பலேர்ந்துன்னா... ஒரு ஏழெட்டு மாசமா சொல்லிட்டிருக்கார். ஏன்?"

கடல் ஒன்றும் திருந்தவில்லை. அரட்டையும் ஓயவில்லை. பக்கத்துப் படகுக்காரன் மாமியார் கதையை அவிழ்த்துவிட்டால் முப்பது மைல் வரை கேட்கும், அவள் கடை ரேடியோவிலேயே தினமும் கேட்கிறது. அண்ணனுக்குக் கேட்கவில்லை. ஏழெட்டு மாதமாக அவர் படகு கொஞ்சம் கொஞ்சமாகச் செவிடாகி வந்திருக்கிறது. அவர் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னொன்னு சொல்லணும்" என்றாள் அண்ணி. இப்போது விசிறவில்லை. "வர்ற திங்கக்கிழமை முப்பது மைல் தள்ளிப் போறாராம். நாலு நாள். நான் பயந்து பயந்து சொன்னா, 'என் தங்கச்சி போட்ட கம்பி இருக்கு, உனக்கென்ன பயம்'ங்கிறார். உன்னை நம்பித்தாம்மா போறார். அது சரியா இருக்குல்ல?"

கம்பி அக்காவுக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை. அண்ணி போன பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் அவளைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை வேறொரு ரேடியோவைச் சோதிக்க வேண்டியிருந்தது. கடைக்குள் கம்பி இல்லாமல் ரேடியோவைப் பேசவிட்டால் அது கெட்டுப்போகும். அதற்காக எல்லா ரேடியோக் கடையிலும் டம்மி என்று ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. ரேடியோ அனுப்பும் சக்தி முழுவதையும் விழுங்கிவிட்டு, கொஞ்சம் சூடாகி, கம்மென்று உட்கார்ந்திருக்கும். அதை மாட்டினாள், பழக்கதோஷத்தில் நடுவில் மீட்டரையும் கோத்தாள், பேசினாள். முள் அசையவே இல்லை.

அப்படியே நின்றுவிட்டாள். இந்த முள்ளை இரண்டு நாளைக்கு முன் அண்ணன் படகில் பார்த்தாளே! டம்மியிலிருந்து ஒரு துளிகூட வெளியே போவதற்கில்லை, எல்லாவற்றையும் அதுவே தின்றுவிடுகிறது. தின்றதால் எதுவும் திரும்பி வரவில்லை. திரும்பி வராததால் மீட்டர் சபாஷ் போடுகிறது. மீட்டர் திரும்பி வந்ததைத்தான் சொல்லும். வெளியே போனதா, வழியிலேயே செத்ததா என்று அதற்கென்ன தெரியும்?

"அடிப்பாவி" என்றாள் வாய்விட்டு. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள்.

டம்மியோடு அந்த ரேடியோவைக் கட்டைப் பையில் வைத்து, மின்கலத்தையும் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு ஓடினாள். பதினேழாம் எண் படகில் குடை உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். நடுக்கடலிலும் குடை பிடித்துக்கொண்டு நிற்பவன், அதனால் அந்தப் பெயர். முப்பதடி தள்ளி ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்து நின்று, ரேடியோவில் தாழ்ந்த குரலில் அவனைக் கூப்பிட்டாள்.

"குடை, கேக்குதா?"

"கேக்குது அக்கா, கணீர்னு கேக்குது. எங்கேர்ந்து பேசறே?"

கம்பியே இல்லை! ஒரு முழக் கம்பிகூட இல்லை! ரேடியோவின் இண்டு இடுக்கிலிருந்து கசிகிற துக்குணி சக்தியே முப்பதடிக்குப் போதும் போலிருக்கிறது. ஆச்சரியத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. பதினொரு வருடமாகத் துறைமுகம் முழுக்கத் தினமும் காலையில் செய்கிறதே, கேக்குதா, கேக்குது என்று, அது எதைச் சோதித்தது? ஒன்றையும் சோதிக்கவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அன்று மாலையே அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, கம்பிய இறக்கிப் பாக்கணும்."

"எதுக்கு?"

"எனக்குச் சந்தேகமா இருக்கு."

"எனக்கு இல்ல. காலைல கூப்பிட்டேன், தெளிவா கேட்டுச்சு. நீ போய் அதை இறக்கினா நாளைக்கு ஊரே என்ன சொல்லும்? தங்கச்சி வேலைல கோளாறு, அதான் ஏழு பேர் சாகப் பாத்தாங்கன்னு சொல்லும். நான் இருக்கிற வரைக்கும் எவன் வாயிலயும் அந்தப் பேச்சு வரக்கூடாது. நல்லா இருக்கிறதை நோண்டாதே, போ."

எப்படிப்பட்ட அண்ணன் பாருங்கள். பாசத்தில் மூழ்கிச் சாவேன் என்று அடம் பிடிக்கிறவரை என்ன சொல்லித் திருத்துவது? சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும், கூடப் பிறந்தவள் அல்லவா. அடுத்த நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படகில் ஏறி, ரேடியோவுக்குப் பின்னால் ஒரு சின்ன வேலை செய்துவிட்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை விடிந்து வெயில் வந்ததும் நாற்பத்தொன்று கிளம்பத் தயாரானது. ஏழு பேரும் ஏறிவிட்டார்கள். அண்ணி படித்துறையில் நின்றாள். அண்ணன் ரேடியோவைக் கையில் எடுத்தார். கம்பி அக்கா ஓட்டும் அறையின் வாசலில் போய் நின்றாள்.

"நாப்பத்தொன்னு பேசறேன். கேக்குதா?"

"பதினேழு. தெளிவா கேக்குது அண்ணே" என்றான் குடை.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். பார்த்தாயா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அண்ணே, ரேடியோவத் திருப்பிப் பாரு."

"என்னத்துக்கு?"

"திருப்பிப் பாரேன்."

திருப்பினார். கேபிள் மாட்ட வேண்டிய இடத்தில் கேபிள் இல்லை. அது கீழே தரையில் சுருண்டு கிடந்தது. அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் தொட்டார். லேசாகச் சுட்டது.

"இப்ப நீ கம்பியே இல்லாம பேசினே" என்றாள். "அப்பவும் தெளிவா கேட்டுச்சு. காலைல கேக்குதா கேக்குதுன்னு பேசறது நூறு அடிக்குத்தான் அண்ணே. பதினாறு மைலுக்கு அது சாட்சி இல்ல. அதை ஊருக்குச் சொல்லிக்குடுத்தவ நான். தப்பு என்னுது."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே நின்ற ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பேசும் கருவியை மெதுவாகக் கொக்கியில் மாட்டினார்.

"இயந்திரத்த நிறுத்துங்கப்பா" என்றார்.

அன்றே கம்பியையும் பதினொரு மீட்டர் கேபிளையும் இறக்கினார்கள். கடையில் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, அவள் கம்பியை அறுத்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது. இன்னும் பத்து வருடம்கூட நிற்கும். அண்ணன் மூச்சு விட்டார். அவள் விடவில்லை. கம்பியும் கேபிளும் சேருகிற மூட்டில் ஐந்து வருடத்துக்கு முன் தான் சுற்றிய டேப்பை நகத்தால் சுரண்டினாள். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது, உதிர்ந்து வந்தது. கேபிளைச் சாணுக்கு ஒரு வெட்டாக வெட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே செம்புப் பின்னல் செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தது, அடுத்த துண்டு பச்சை, அதற்கடுத்ததைப் பிழிந்தால் உப்புத் தண்ணீர் சொட்டியது. மூட்டில் நுழைந்த தண்ணீர் பின்னல் வழியாகத் திரி ஏறுவது மாதிரி ஊறி ஊறி ஏழு மீட்டர் வரை இறங்கியிருந்தது. கடைசி நாலு மீட்டரில்தான் செம்பு செம்பாக இருந்தது.

"ரேடியோ அனுப்பினதை எல்லாம் இதுதான் தின்னுருக்கு" என்றாள். "கம்பிக்குப் பத்து வருஷம்னு சொன்னேன், சரிதான். டேப்புக்கு ரெண்டு வருஷம்தான். அதை நான் சொல்லவே இல்ல. எனக்குத் தோணவும் இல்ல. செத்த கம்பிய எல்லாம் அறுத்தேன், ஒரு தடவையாவது கேபிளை அறுத்தேனா?"

அண்ணன் பச்சை பிடித்த ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டை ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"எழுது. மறைக்காம எழுது."

அவள் எழுதினாள்: ஐந்து வருடம். மூட்டு. நான் சுற்றிய டேப்.

புதுக் கேபிள் போட்டு, மூட்டைத் தண்ணீர் புகாத பசை டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன் மேல் வெயிலைத் தாங்குகிற இன்னொன்றைச் சுற்றிக் கொடுத்தாள். அப்படியே நேரே துறைமுக அலுவலகத்துக்குப் போய்க் காதின் முன்னால் நின்றாள்.

"சார், காலைல போடற கோட்டை இனிமே போடாதீங்க. படகெல்லாம் தூரத்துக்குப் போனப்புறம், பகல் பன்னெண்டு மணிக்கு அங்கேர்ந்து உங்களைக் கூப்பிடணும். உங்களுக்குக் கேட்டாத்தான் கோடு."

"பதினோரு வருஷமா நல்லாத்தானேம்மா நடக்குது?"

"நல்லா நடக்கல சார். நான் செஞ்ச தப்பு அது. சொல்லிட்டேன்."

மறுநாள் நாற்பத்தொன்று கிளம்பிப் போனது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குக் காதின் மேசை அருகே அவளும் உட்கார்ந்தாள். முதலில் வந்தது நாற்பத்தொன்று. இருபத்தெட்டு மைல். இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல், பக்கத்தில் இருக்கிற மாதிரி வந்தது.

"நாப்பத்தொன்னு பேசறேன். கேக்குதா? இங்க ஒரே அரட்டைம்மா, காது வலிக்குது. கேக்குதா?"

"கேக்குது அண்ணே" என்றாள். கருவியைக் காதின் கையில் கொடுத்துவிட்டாள்.

அன்று கடலில் முப்பத்தெட்டுப் படகுகள். ஒரு மணி வரை காத்திருந்தார்கள். இருபத்தொன்பது பெயர்களுக்கு எதிரே கோடு விழுந்தது. ஒன்பதுக்கு எதிரே ஒன்றும் இல்லை. பதினேழுக்கு எதிரேயும் இல்லை.

மறந்திருப்பார்கள் என்றார் காது. புதுப் பழக்கம்தானே, நாலு நாள் ஆகும்.

மாலையில் அந்த ஒன்பது படகில் எட்டு கரை சேர்ந்ததும் எட்டுப் பேரையும் கடை வாசலில் நிறுத்திக் கேட்டாள். எட்டுப் பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: கூப்பிட்டோமே! குடைக்குக் கோபமே வந்துவிட்டது.

"மூணு தடவை கூப்பிட்டேன் அக்கா, சத்தியமா! காது தூங்கிட்டிருந்தா நான் என்ன பண்ண? காலைல பக்கத்துப் படகுக்குக் கேட்டுச்சே!"

அவள் சுவரோரம் போய், அண்ணன் படகின் பச்சைக் கேபிள் துண்டை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைப் பிழிந்து பார்த்தான். விரல் நனைந்தது.

"ஒன்பதாவது படகு யாரோடது அக்கா?" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"இருபத்திரண்டு. இன்னும் வரல."

எல்லோரும் கடல் பக்கம் திரும்பினார்கள். குடை தன் படகை நோக்கி ஓடினான். "ரெண்டு பேர் கூட வாங்கடா, தேடிட்டு வந்துரலாம்" என்று கத்திக்கொண்டே ஓடினான். பாதி வழியில் நின்று திரும்பினான். "அக்கா, என் படகு ரேடியோவும் கேக்காதே!"

கம்பி அக்கா அதற்குள் புதுக் கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏணியோடு அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டாள். பதினேழு கிளம்பித் துறைமுக வாயைத் தாண்டும்போது, மேற்கே வெளிச்சம் இருக்கிற பக்கத்தில் இருபத்திரண்டு தானாகவே வந்துகொண்டிருந்தது, வலை சிக்கியதால் தாமதம். அதில் இருந்தவன் கையை ஆட்டி ஏதோ கத்தினான். கிட்டே வந்ததும் கேட்டது.

"ஏன் ஒருத்தரும் பதில் சொல்லல? கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே!"